கோர்ட்டில் காட்டிய கை

பட்டுக்கூடு வேகிற நாற்றத்தை மூக்கு மறப்பதில்லை. செத்த மீனும் ஈரச் சாம்பலும் பல நாள் ஊறின துணியும் சேர்ந்த நாற்றம் அது. போன மாதம் தளியிலிருந்து ஓசூர் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஊருக்கு வெளியே, புகை கவிந்த ஓட்டுக் கொட்டகை ஒன்றிலிருந்து அது கிளம்பி வந்து பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டது. எல்லாரும் முந்தானையையும் துண்டையும் மூக்குக்குக் கொண்டுபோனார்கள். நான் விரல்களை முகர்ந்து பார்த்தேன். எப்போதோ ஆறிப்போன விரல்கள். புதுத்தோல் போர்த்தி, ரேகை திரும்பி வந்து, இப்போது யாருடைய விரல் மாதிரியும் இருக்கின்றன. இருந்தாலும் முகர்ந்தேன். நாய் தன் பழைய காயத்தை முகர்வதில்லையா, அப்படி.

ஐம்பதுகளின் நடுவில், இந்துக்களுக்குப் புதிதாகக் கல்யாணச் சட்டம் வந்திருந்த நேரம், நான் அப்படி ஒரு கொட்டகையில் மருமகளாக இருந்தேன். மருமகள் என்பது வெளியில் சொல்லிக்கொள்ள. ஓசூருக்குத் தெற்கே, தமிழில் தொடங்கிய வாக்கியம் தெலுங்கில் திரும்பிக் கன்னடத்தில் போய் முடிகிற ஊர். என் கணவருக்கு அங்கே நூல் எடுக்கும் தொழில். கொப்பரையில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். அதில் கூடுகள் மிதக்கும். வெந்த கூட்டில் நூலின் முனையைத் தேடிப் பிடித்து இராட்டைக்கு ஏற்ற வேண்டும். கரண்டிக்குக் கண் கிடையாது. விரலுக்கு உண்டு. ஆகவே விரல்தான் உள்ளே போகும்.

கல்யாணத்துக்கு எனக்கு வைத்த மருதாணி அந்த வாரமே அந்தத் தண்ணீரில் போயிற்று. பிறகு கொப்புளம். பிறகு உரிதல். பிறகு வெளுப்பு. வருஷம் திரும்புவதற்குள் விரல்நுனிகள் சுண்ணாம்பு பூசினவை போலாகி, மடிப்புக்கு மடிப்பு வெடித்து, சுடுவதே தெரியாமல் போய்விட்டது. சுடாததால் வேகமாக வேலை செய்தேன். வேகமாகச் செய்ததால் இன்னும் கூடு வந்தது.

"இவளாட்டம் நூலெடுக்க மைசூர்ச் சீமையில கூட ஆளில்ல" என்று என் கணவரின் அக்கா, வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஒரு மூச்சு விட்டு, "புள்ளதான் எடுக்கத் தெரியல" என்று முடிப்பாள். கொட்டகையில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். கொப்பரை முன்னால் உட்கார்ந்திருப்பவள் சிரிக்காவிட்டால் அழுகிறாள் என்று நினைப்பார்கள். அங்கே புகையில் எப்போதும் கண்ணீர்தான்.

நாலு வருஷம் ஆயிற்று. ஒரு மத்தியானம் அவர் கூடு பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"அக்கா மகளக் கட்டிக்கலாம்னு இருக்கேன்."

"கட்டிக்குங்க."

"நீயும் இரு."

"நான் எதுக்கு?"

"கொப்பரைக்கு."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வேடிக்கை பேசத் தெரியாத மனிதர். இரண்டாம் தாரம் கட்டினால் இப்போது ஜெயில் என்று நான் சொன்னேன். எட்டாவது வரை படித்தவள், பேப்பர் கிடைத்தால் வாசிப்பவள். அவர் பொறுக்குவதை நிறுத்தினார். "அப்ப என்னை விட்டுடுங்க" என்றேன். கையிலிருந்த கூட்டைக் கொப்பரையில் போட்டார். பிறகு "சரி" என்றார். நாலு வருஷத்தில் நாங்கள் இருவரும் மனமொத்துச் செய்த ஒரே காரியம் அதுதான்.

எனக்குப் போக ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. போச்சம்பள்ளிப் பக்கம் அண்ணன் வீடு. அண்ணிக்குத் தலைப்பிள்ளை பிறந்து மூன்று மாதம். "கழனி வேலைக்கும் குழந்தைக்கும் நடுவுல சாவறேன். நீ வந்து புள்ளையத் தூக்கிக்கிட்டு இருந்தா போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். விடுதலை என்று பெரிய வார்த்தை எதுவும் எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் ஜனத்தில் இதற்கு ஒரு துரும்பு போதும். நாலு பெரியவர்கள் முன்னால் புருஷன் துரும்பைக் கிள்ளிக் கையில் கொடுத்தால் தீர்ந்தது. வெயில் ஏறுவதற்குள் அவரவர் வேலைக்குப் போய்விடலாம். ஆனால் அக்காவின் புருஷர் தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவர். "துரும்பெல்லாம் காத்துல போயிடும் மாப்ளே. நாளைக்கு இவ வந்து நான்தான் மொதப் பொண்டாட்டின்னு நின்னா எம் பொண்ணு கதி? கோர்ட்டு முத்திரை வேணும்" என்றுவிட்டார்.

அப்படித்தான் கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலின் முன்னறையில் போய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ரெண்டு பேருக்கும் சம்மதமா?" என்றார் வக்கீல்.

"ஆமாங்க" என்றோம், இருவரும் ஒரே குரலில்.

"அப்ப கேஸே இல்லையே" என்று சிரித்தார். "சண்டைக்குச் சட்டத்துல எடம் உண்டு. சம்மதத்துக்குக் கெடையாது. யாராவது ஒருத்தர் கெட்டவங்களா இருக்கணும். யாரு?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசி ரொட்டித் துண்டை யார் எடுப்பது என்பது போல.

"நீர் வெளியில யாரையாவது வெச்சிருக்கீரா?"

"ஐயோ, இல்லீங்க. அப்படிப் பேரு வந்தா அக்கா வீட்டுக்காரர் பொண்ணு குடுக்க மாட்டாரு."

"இந்தம்மா யாரோடயாவது?"

"நான் ஒத்துக்க மாட்டேன்" என்றேன்.

"மதம் மாறினீங்களா? புத்தி சரியில்லையா?" வக்கீல் விரல் விட்டுக்கொண்டே வந்தார், காய்கறிக்காரன் கூடையில் இருப்பதைச் சொல்வதுபோல. நடுவில் எனக்குத் தாகமெடுத்தது. பெஞ்சோரம் இருந்த சொம்பை எடுக்கக் கையை நீட்டினேன். அவர் பேச்சு நின்றது.

"கையைக் காட்டும்மா."

காட்டினேன்.

"எத்தனை வருஷமா இப்படி?"

"கல்யாணமானதிலிருந்துங்க. நாலு வருஷம்."

"மூணு இருந்தாலே போதும்" என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். அது கருணை என்று நினைத்தேன். அவர் என் கணவர் பக்கம் திரும்பி, குஷ்டம் என்று சொன்னார். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதாம்.

என் கணவர் என் கைகளைப் பார்த்தார். எத்தனையோ தடவை பார்த்த கைகள். எந்தத் தண்ணீரில், யாருடைய அடுப்பில் வெந்தன என்று உலகத்தில் முழுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "இது கொப்பரைப் புண்ணுங்க" என்று சொல்ல வாய் எடுத்தார் என்றே இன்றுவரை நம்ப விரும்புகிறேன். அவர் சொன்னது: "இதுக்கு டாக்டர் சீட்டு வேணுமாங்க?"

"ஊருக்குத் தெரிஞ்சா என்னைச் சேர்க்க மாட்டாங்க" என்றேன். "அங்க பச்சைக் குழந்தை இருக்குதுங்க."

"கோர்ட்டுல சொன்னது கோர்ட்டோட. உங்க ஊர்ல யாரு தமுக்கடிக்கப் போறா? கொப்பரையை விட்டா ரெண்டு மூணு மாசத்துல தோல் வந்துடும். பொய் தானா உதிர்ந்துடும். நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். கேக்கறதுக்கு உள்ளதைச் சொல்லு, போதும்."

என் கணவர் எங்கள் குலதெய்வத்தின்மேல் சத்தியம் செய்தார். யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று. அந்தச் சத்தியத்துக்கு என் கையைத் தொடவில்லை. பெஞ்சைத் தொட்டார்.

சீட்டு எப்படியோ வந்தது. வாய்தாக்கள் போயின. கடைசி நாளன்று அக்காவும் அவள் மகளும்கூட எங்களோடு பஸ் ஏறினார்கள். கோர்ட்டு முடிந்த கையோடு கிருஷ்ணகிரியிலேயே கல்யாணச் சேலை எடுத்துவிடலாமாம். தனியாக ஒரு நாள் எதற்குக் கெடுப்பானேன். அந்தப் பெண் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். முந்தின ராத்திரி வைத்த மருதாணி உள்ளங்கையில் செங்கல் நிறத்தில் பிடித்திருந்தது. மாம்பழ சீசன். வழியெல்லாம் ஒரு பழத்தைக் கசக்கிச் சாறு உறிஞ்சிக்கொண்டே வந்தாள். "அத்தை, உங்களுக்கு வேணுமா?" என்று எனக்கும் நீட்டினாள். கோர்ட்டில் என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

கூண்டில் ஏறினேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

"கை எத்தனை வருஷமாக இப்படி?"

"நாலு வருஷமாக."

"எப்போது தொடங்கியது?"

"அந்த வீட்டுக்கு வந்த பிறகு."

"சூடு தெரிகிறதா?"

"தெரிவதில்லை."

"குணமாகிறதா?"

"அங்கே இருக்கும்வரை இல்லை."

ஒரு வார்த்தை பொய்யில்லை. ஒவ்வொரு உண்மையும் கூண்டிலிருந்து இறங்கிப் போய் அந்தப் பொய்க்கு ஒரு கால் முளைக்க வைத்தது. ஜட்ஜ் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினேன். பார்த்துவிட்டு, கீழே போடச் சொல்லாமல் எழுத ஆரம்பித்துவிட்டார். தூக்கின கையோடு நின்றேன். பெஞ்சுகள் கிறீச்சிட்டன, ஜனம் ஒரு முழம் பின்னால் நகர்ந்தது. வாசலோரம் ஒருத்தி, தவழ்ந்து போன தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு "ஹத்ர ஹோகபேட", கிட்டப் போகாதே, என்று கன்னடத்தில் அதட்டினாள். நான் அந்தக் குழந்தையையே பார்த்தேன். பல் முளைக்காத குழந்தை. என்னைப் பார்த்துச் சிரித்தது.

அடுத்து அவர். "மூணு வருஷமா இவங்களத் தொட்டதில்லீங்க." கூட்டத்தில் எவனோ "பாவம்யா" என்றான். பாவம் அவருக்கு.

கையெழுத்துப் போடும்போது குமாஸ்தா காகிதத்தை ரூல்தடியால் என் பக்கம் தள்ளினார். போட்டுவிட்டுக் கட்டைப்பேனாவைத் திருப்பி நீட்டினேன். "நீயே வெச்சிக்கம்மா" என்றார். எனக்கென்று இருந்த முதல் பேனா அதுதான்.

வெளியே புளியமரத்தடியில் அந்தப் பெண் நின்றிருந்தாள். விஷயம் அவளுக்கு எட்டிவிட்டது என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நான் கிட்டே போனதும் மருதாணிக் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் அவர்களுக்கு ஓசூர் பஸ், எனக்குப் போச்சம்பள்ளி பஸ். இரண்டும் வர நேரமிருந்தது. டீக்கடைக்குப் போனோம். நாலு டீ என்று அவர் சொன்னார். அக்கா கடைக்காரனிடம் உரக்கச் சொன்னாள்.

"இவளுக்குக் கிளாஸ் வேணாம்பா. சிரட்டை இருந்தா அதுல ஊத்து."

"ஏம்மா, வேற ஜாதியா?"

"ஜாதியெல்லாம் நம்ம ஜாதிதான்" என்றாள் அக்கா. மேலே சொல்லாமல் தம்பியைப் பார்த்தாள்.

அவர் ஒரு வினாடி என்னைப் பார்த்தார். சத்தியம் தொண்டையில் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். "பெருவியாதிப்பா. இப்பத்தான் கோர்ட்டுல தீர்ப்பாச்சி" என்றார். நல்ல தெளிவான குரல். பக்கத்தில் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த ஆள் கையை அப்படியே நிறுத்தினான். காக்கிச் சட்டை, தோளில் பை. எங்கள் ஊர் வழி பஸ்ஸின் கண்டக்டர். என் அண்ணன் பேர் சொல்லி, "அவரு தங்கச்சிதானே நீ?" என்றான். அவன் பன்னை வைத்துவிட்டு எழுந்து போனான்.

அண்ணன் வீட்டுக் கதவு அந்த டீக்கடையிலேயே சாத்தப்பட்டுவிட்டது. அதற்கப்புறம் நான் போனதும், அண்ணி குழந்தையை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்ததும், மாட்டுக் கொட்டகையில் எனக்குப் பாய் விரித்ததும் வெறும் நடந்து முடிந்தவை. என் கை ஆறியபோது அதைப் பார்க்க யாரும் கிட்டே வரவில்லை.

அன்றைக்கு அந்த டீயைத் தொடாமல் பஸ்ஸில் ஏறினேன். மூன்று பேர் உட்காரும் சீட்டில் தனியாக உட்கார்ந்தேன். கண்டக்டர் முன்னால் நின்று டிரைவரின் காதில் பேசிக்கொண்டிருந்தான். அப்போது ஜன்னலுக்குக் கீழே என் கணவர் வந்தார். இனிமேல் கணவர் இல்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு அழுகை முட்டியது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், அவ்வளவு வெறுமையாக இருந்தேன்.

"ஏமே" என்றார், குரலைத் தாழ்த்தி. "நாளைக்கு ஒரு வண்டிக் கூடு வருது. விட்டா புழு ஓட்டையப் போட்டுக்கிட்டு வெளிய வந்துடும், நூலெல்லாம் அறுந்துடும். இந்த வாட்டிக்கு மட்டும் வந்து நூலெடுத்துக் குடுத்துட்டுப் போயேன். சும்மா வேணாம். கூலி குடுத்துடறேன்."

பஸ் உறுமிக் குலுங்கியது. அவருக்குப் பின்னால், டீக்கடை நிழலில், அந்தப் பெண் இன்னொரு மாம்பழத்தைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. பழம் வேண்டுமா என்று கேட்டவள்.

"உங்க அக்கா மகளக் கைய விடச் சொல்லுங்க" என்றேன். "அந்தத் தண்ணியில மருதாணி எத்தனை நாளைக்கு நிக்குதுன்னு பாக்கலாம்."