பச்சை இன்ஜினின் கோணல் கம்பி

மின்சாரம் கண்டுபிடிக்கப்பட்டதே பெரியப்பாவின் கண்ணாடி அலமாரிக்காகத்தான். அது போக மிஞ்சியதில்தான் ஊர் உலகம் விளக்குப் போட்டுக்கொள்கிறது. அலமாரியில் நாற்பத்தொரு மின்சார ரயில் இன்ஜின்கள். ஒவ்வொன்றும் அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. கூரைமேல் நிற்கும் கொம்பிலிருந்து முன்கண்ணாடியின் வைப்பர்வரை எதுவும் குறையாது. பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் மேலும் கீழுமாகப் போகிற பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவருக்கு நேராகப் போகிற வண்டிமேல் ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை.

அவற்றில் செல்லப்பிள்ளை ஒரு பச்சை இன்ஜின். அதன் கதவோரக் கைப்பிடிக் கம்பி என்றோ உடைந்துபோக, அவரே ஒன்று செய்து ஒட்டினார். மயிரிழை கோணலாகிவிட்டது. பிடுங்கினால் பெயின்ட் உரியுமென்று விட்டுவிட்டார். வீட்டுக்கு வெளியே அந்தக் கோணலை அறிந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மட்டும்தான். இருபது வருடச் சிநேகிதர். அவரிடமும் அதே பச்சை இன்ஜின் உண்டு, கம்பி உடையாமல். இரண்டையும் ஜோடியாக நிறுத்திப் படம் எடுக்கவென்று பெரியப்பாவுடையதை வாங்கிப்போய், மூன்றாம் நாள் திருப்பித் தந்தார்.

அடுத்த வாரம் தூசி துடைக்கும்போது பெரியப்பாவின் கை நின்றது. கம்பி நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

"மாத்திட்டான்."

"கோணலை எடுத்துக்கிட்டு நேரானதைத் தந்தா நல்லதுதானே?" என்றாள் பெரியம்மா.

"என்னோடது முதல்ல வந்த உருப்படி. உள்ளே மோட்டாரே வேற. அது அவனுக்கும் தெரியும்."

இன்ஜின் போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. கேட்டிருந்தால் தூக்கிக் கொடுத்திருப்பார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் தினமும் வந்து சொட்டு மருந்து விட்ட கை, இப்படிச் செய்யுமா?

சாயங்காலம் கடைக்குப் போய், இன்ஜினை மேஜைமேல் வைத்தார். "என்னோடதைக் கொடு."

கண்ணாடிக்கடைக்காரருக்கு விஷயம் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் செத்துவிட்டது. உள்ளேயிருந்து தன் இன்ஜினை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியையும் வைத்தார்.

"எது உன்னுதோ எடுத்துக்கோ. ரெண்டுமே உன்னுதுன்னாலும் சரி."

பெரியப்பா குனிந்து பார்த்தார். தான் கொண்டுவந்த இன்ஜினில், கம்பியின் அடியில் பச்சை பெயின்ட் ஜிகினாவாக மின்னியது. எந்த ரயில் கம்பெனியும் இன்ஜினுக்கு ஜிகினா பூசாது. நிமிர்வதற்குள் சிநேகிதர் முதுகைத் திருப்பிக்கொண்டு, துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் தம்பி மகள், அதாவது இதையெல்லாம் எழுதுகிறவள், அவரைக் கண்டதும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கையை நீட்டு."

நீட்டினாள். பத்து நகத்திலும் பச்சை ஜிகினா.

"எப்போ உடைச்சே?"

"அவர் திருப்பித் தந்த மறுநாள், பெரியப்பா. உங்க போட்டோவை வெட்டி டிரைவர் சீட்ல ஒட்டலாம்னு எடுத்தேன். கம்பி கையோட வந்துடுச்சு. நேராத்தான் ஒட்டினேன். பெயின்ட் உரிஞ்ச இடத்துல என் நெயில் பாலிஷைப் பூசினேன்…"

பெரியப்பா சிரிக்கவில்லை. "அவனைத் திருடனாக்கிட்டு வந்திருக்கேன். செருப்பைப் போடு. கடை சாத்துறதுக்குள்ள போகணும்."

"நகத்தைத் துடைச்சிட்டு வரட்டுமா?"

"வேணாம். அவன் பார்க்கட்டும்."