பட்டாளத்தாரின் ஐந்தாம் பதக்கம்

ஊரார் படங்களுக்கெல்லாம் பிரேம் போட்டுப் பிழைத்தவருக்குத் தம் தந்தையாருக்கென்று ஒன்று செய்யும் பேறு, அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில்தான் வாய்த்தது.

முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர் கடைக்கே வந்து செய்தி சொன்னார். மறைந்த உறுப்பினர்களின் பதக்கங்களைக் கண்ணாடிப் பெட்டியில் அமைத்து மன்றத்தின் முன்சுவரில் மாட்டுவதாகத் தீர்மானம். ஞாயிறு காலை பத்து மணிக்கு விழா. பதிவேட்டின்படி தந்தையாருக்கு ஐந்து பதக்கங்கள். ஐந்தும் கணக்கில் வந்தால் முன்சுவர். ஒன்று குறைந்தாலும் சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிய பின்சுவர். செயலாளர் படையில் எழுத்தராக இருந்தவர். போர் முடியும், பதிவேடு முடியாது என்பது அவர் கொள்கை.

அந்த முன்சுவர்மேல் மகனுக்கு நெடுநாளாக ஒரு கண். அங்கே தொங்கும் பெரிய புகைப்படத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீரர்கள் நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறார்கள். அவர்களை ஏற்றிவந்த லாரிகளில் ஒன்று ஓரத்தில் நிற்கிறது. அதன் ஜன்னலில் ஒரு முழங்கை தெரிகிறது. அந்த முழங்கைதான் தந்தையார். இருபத்து நான்கு ஆண்டுகள் படையில் லாரி ஓட்டியவருக்கு மன்றத்தில் இருந்த நினைவுச் சின்னம் அவ்வளவே. முழங்கையாகவே நின்றுபோனவரை முழு மனிதராக்கிக் காட்டவேண்டும் என்று மகன் ஏங்கினார்.

தெருவில் தந்தையாருக்குப் பட்டாளத்தார் என்று பெயர். ஓய்வுபெற்று வந்தவர் பட்டாளத்தை வாசலோடு விட்டுவிடாமல் வீட்டுக்குள்ளும் அழைத்து வந்தார். விடியற்காலை ஐந்தரைக்கு ஆஜர் எடுப்பார். வீட்டில் இருந்ததே மூன்று பேர். அதில் ஒருவர் அவர். தம் பெயரைத் தாமே அழைத்து, ‘உள்ளேன்’ என்று தாமே விடையும் பகர்வார். பல்துலக்கிகள் மூன்றும் ஒரே திசை நோக்கி அணிவகுக்க வேண்டும். மனைவி காய்கறி வாங்கக் கிளம்பினால், செல்லும் வழியும் திரும்பும் நேரமும் கேட்டுக் குறித்துக்கொள்வார். அவர் சிரிக்காமல் கேட்பார். அந்த அம்மையாரும் சிரிக்காமல் சொல்வார்.

போர்க்கதை மட்டும் அவர் வாயிலிருந்து வராது. பரணி பாடத் தக்க களங்களைக் கண்டவர், மகன் சிறுவனாக இருந்தபோது அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “முன்னாடி குண்டு, பின்னாடி அதிகாரி. நடுவுல நான் டயர் மாத்தினேன்” என்றார்.

“பயமா இல்லையாப்பா?”

“ஜாக்கி இறங்கிடுமோன்னு பயம்.”

இப்படிப்பட்டவருக்கு மகனாய்ப் பிறந்தவர் வேறு எவரும் செய்யாத பிழை ஒன்றைச் செய்தார். பதக்கங்களைக் கண்ணால் காணுமுன்பே பெட்டியைச் செய்து முடித்துவிட்டார். நீல வெல்வெட் ஒட்டிய அட்டையில், பதிவேட்டில் கண்ட அளவுப்படி ஐந்து வட்டக் குழிகளை வெட்டியாயிற்று. பொருள் கைக்கு வந்தபிறகு வெட்டக்கூடாதா என்று தம் மனைவி கேட்டதற்கு, இடத்தை வகுத்துவிட்டால் ஆள் தானாக வந்து நிற்பான், அதுதான் படை ஒழுங்கு என்று விளக்கம் சொன்னார்.

ஆள் வரவில்லை. தந்தையாரின் இரும்புப் பெட்டியைத் திறந்தால் பதக்கங்களுக்குரிய ஐந்து பேழைகளும் இருந்தன. அவற்றுள் நட்டும் போல்ட்டும் வாஷரும் அளவுவாரியாக வீற்றிருந்தன.

“அம்மா, பதக்கமெல்லாம் எங்கம்மா?”

செய்தித்தாளிலிருந்து அம்மா கண்ணை எடுக்கவில்லை. “எங்கயாவது வேலை பாத்துக்கிட்டு இருக்கும். உங்கப்பா எதையுமே சும்மா உக்கார வெச்சதில்லையே.”

அது உண்மைதான். காற்றில் பறக்காதிருக்கக் கூடத்து ஜன்னல் திரையின் அடிமடிப்பில் ஒன்று வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. ஆடுகிற சமையலறை மேசைக்கு அணைகொடுத்து அதன் பின்னங்காலின் அடியில் ஒன்று, முகம் தேய்ந்து கிடந்தது. மாடித் தண்ணீர்த்தொட்டி அறைச் சாவியில் கோத்திருந்ததை இத்தனை நாளும் ஏதோ பழைய நாணயம் என்றே வீட்டார் எண்ணியிருந்தனர். நான்காவதைக் கேட்டபோது அம்மா, “அது உன் கடையிலதான் இருக்கு” என்றார்.

கடையில் தூக்குநூல் ஒன்று உண்டு. படம் கோணாமல் தொங்குகிறதா என்று பார்க்க, கடை திறந்த நாளில் தந்தையார் கட்டிக்கொடுத்தது. நுனியில் கறுப்பு டேப் சுற்றிய குண்டு. இருபத்தாறு ஆண்டுகளாகச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துப் பதிவேட்டு எண்ணோடு ஒப்பிட்டார் மகன். கொட்டும் குண்டுமழையில் மூன்று லாரிகளை மீட்டு வந்ததற்காக அளித்த வீரப்பதக்கம் அது. ஊரார் வீட்டுத் திருமணப் படங்களையெல்லாம் தந்தையின் வீரத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டா நேர்பார்த்தோம் என்று அவர் தலையில் கைவைத்து அமர்ந்தார்.

“அதான் நம்ம கடைப் படம் ஒண்ணுகூடக் கோணினதில்ல” என்றார் மனைவி.

ஐந்தாவது, நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும் உரியது. சனிக்கிழமை மாலைவரை பரண், பழைய செருப்புப் பெட்டி, கடிகாரத்தின் முதுகு என்று எதையும் விடாமல் தேடிப் புழுதி படிந்து வந்து நின்ற மகனை அம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

“அது தொலையலடா. எங்கிட்டதான் இருக்கு. ஆனா குடுக்கமாட்டேன்.”

பிறகுதான் கதை வெளியே வந்தது. மகன் விடுதியில் தங்கிப் படித்த காலம். வீட்டு அணிவகுப்பு இருவராகச் சுருங்கியிருந்தது. ஒருநாள் காலை ஆஜர் எடுத்தபின் தந்தையார், ஓரடி முன்னே வரும்படி மனைவிக்கு ஆணையிட்டிருக்கிறார். அம்மா கையில் கரண்டியோடு முன்னே வந்து நின்றிருக்கிறார். தாம் படையில் இருந்த காலமெல்லாம் தனியே குடும்பத்தைக் காத்தமை, அதன்பின் ஆறு ஆண்டுகள் தம் நேரடித் தலைமையின்கீழ் இருந்தும் ஒருமுறைகூடத் தப்பியோட முயலாமை ஆகியவற்றைப் பாராட்டி ஒரு தாளை வாசித்துப் பதக்கத்தைக் குத்திவிட்டாராம்.

“நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல. சல்யூட் அடிச்சாரு.”

மகன் விடவில்லை. நான்கோடு போனால் பின்சுவர்தான் என்றும், அப்பா கடைசிவரை முழங்கையாகவே இருக்கவேண்டுமா என்றும் மன்றாடினார். அம்மா, நாளைக்கு நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறன்று மன்றத்தில் செயலாளர் பெட்டியை எண்ணினார். நான்கு பதக்கங்கள், ஒரு குழி. குழியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில் ஐந்தாவது பட்டது. அது அம்மாவின் இடது மார்பில் துலக்கமாக மின்னியது.

“அண்ணி, குடும்பத்தார் வலப்பக்கம் குத்தணும். இடப்பக்கம் வாங்கினவங்களுக்குத்தான்” என்றார் தாழ்ந்த குரலில்.

“தெரியும் தம்பி. அவரோடதா இருந்தா வலப்பக்கம் குத்தியிருப்பேன். இது என்னோடது.”

மன்றம் முழுதும் திரும்பிப் பார்த்தது. பின்சுவர் உறுதி என்று மகன் கண்ணை மூடிக்கொண்டார். எழுத்தர் பரம்பரையில் வந்த கேள்வி ஒன்று செயலாளரிடமிருந்து பிறந்தது.

“இதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?”

அம்மா கைப்பையிலிருந்து நான்காய் மடித்த தாளை எடுத்து நீட்டினார். செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஆணை எண், நாள், பொருள், பார்வை, ஒப்பம், கீழே ‘நகல்: கோப்புக்கு’. ஒரு பிழை இல்லை. சேவைக்காலம் முழுதும் பிறர் எழுத்தில் பிழை பொறுக்கிய அவர் கண்கள் கலங்கின.

“படிவம் சரியா இருக்கு” என்றார்.

இருந்தாலும் குழி குழிதான். அதற்கு எதிரே எதை எழுதுவது என்று பேனாவைப் பிடித்தபடி தவித்தார். பெட்டியை எங்கே மாட்டுவது என்று மகன் கேட்டார். செயலாளர் முன்சுவரைக் கைகாட்டினார். புகைப்படத்தின் பக்கத்தில், முழங்கைக்கு நேராக, மகன் ஆணியடித்துப் பெட்டியை மாட்டினார். வழக்கம்போல் நேர்பார்க்கப் பையில் கைவிட்டால் வெறும் நூல்தான் வந்தது. அதன் குண்டு கண்ணாடிக்குள் வீரப்பதக்கமாகக் கொலுவிருந்தது.

அம்மா மார்பிலிருந்ததைக் கழற்றினார். “இந்தா, இதைக் கட்டிப் பாரு. பாத்துட்டு உடனே குடுத்துடணும்.”

நூலில் ஆடிய ஐந்தாம் பதக்கம் மெல்ல நிலைக்கு வந்தது. பெட்டி இடப்புறம் ஒரு நூலளவு தாழ்ந்திருந்தது, மகன் திருத்தினார். அம்மா கைநீட்டி வாங்கி மறுபடியும் இடப்பக்கமே குத்திக்கொண்டார்.

செயலாளர் முகம் தெளிந்தது. பதிவேட்டில் ஐந்தாம் எண்ணுக்கு எதிரே அழகாக எழுதினார்: ‘பணியில் உள்ளது.’