மைனஸ் மூன்று

பதினெட்டு வருடம் நாங்கள் இருவரும் ஜோடியாக வங்காளத்தில் பாப் பாடினோம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்த லேக் மார்க்கெட் பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருந்தவர் அவர். என்னைவிட ஐந்து வயது பெரியவர், அதனால் அண்ணா. எங்களுக்குள் பேச்சு தமிழில், பாட்டு வங்காளத்தில். அவர் முன்னால் நின்று பாடுவார். நான் பக்கத்தில் கீபோர்டு வாசித்துக்கொண்டு இரண்டாம் குரல் கொடுப்பேன். தாளமும் அந்தக் கீபோர்டிலேயே ஓடும். துர்கா பூஜைக்கு ஒரு கேசட், பிறகு குளிர்காலம் முழுக்கப் பேட்டை கிளப்புகளில் ஃபங்ஷன், அதாவது மேடைக் கச்சேரி.

எங்களை நாலு பேருக்குத் தெரியவைத்தது ஒரே ஒரு பாட்டு. அதன் மெட்டு என்னுடையது. கரண்ட் போன ஒரு மத்தியானம், கீபோர்டில் பேட்டரி போட்டு, புழுங்கிக்கொண்டே போட்டது. சரணத்தில் நன்றாக மேலே ஏறும். அவர் குரல் அங்கே எட்டவில்லை. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி மூன்று படி இறக்கினேன். சின்னத் திரையில் மைனஸ் மூன்று என்று காட்டும். அவருக்குச் சௌகரியம். நான்தான் என் மெட்டையே அடித்தொண்டையில் முனகவேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முனகினேன்.

கேசட் அட்டையில் இசை என்ற இடத்தில் இருவர் பெயரும் இருந்தது. ஜோடி என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாள் டிவியில் பேட்டி. அந்த மெட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்டார்கள். டிராமில் போகும்போது தனக்குத் தோன்றியதாக அவர் சொன்னார். சட்டை கசங்கும் என்று டிராமில் காலே வைக்காத மனிதர். பக்கத்து நாற்காலியில் நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இவளும் கூட வாசிப்பாள் என்று என்னைக் காட்டிச் சிரித்தார். வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

சண்டை போடவில்லை. அடுத்த ஃபங்ஷன் ஜாதவ்பூரில். எப்போதும்போல அந்தப் பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தோம். அவர் கூட்டத்திடம் டிராம் கதையை மறுபடி சொன்னார், இந்தத் தடவை மழையையும் சேர்த்து. அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் பொத்தானை மூன்று முறை அழுத்தினேன். திரையில் பூஜ்யம்.

சுருதி மாறியது அவருக்குத் தெரியவில்லை. நான் கொடுக்கிற சுருதியைப் பிடித்துக்கொண்டு பாடியே பழகியவர். பல்லவி தாழ்வாகப் போவதால் தப்பித்தார். சரணத்தில் முதல் வரி பிசிறடித்தது. இரண்டாவது வரியில் வாய் மட்டும் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்க என்னைத் திரும்பிப் பார்த்தார். பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை எனக்கு. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மைக்கை என் பக்கம் இழுத்து, அந்த வரியை நான் முதலில் போட்ட இடத்திலேயே முழுத்தொண்டையில் பாடினேன். கூட்டம் எழுந்து நின்று மறுபடி பாடச் சொன்னது. என்னை.

மேடைக்குப் பின்னால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"என்னடி பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலண்ணா. டிராம்ல உங்களுக்குத் தோணின சுருதியிலயே வெச்சேன்."

அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் சேர்ந்து பாடினோம். டிராம் கதை மறுபடி அவர் வாயில் வரவில்லை. ஒவ்வொரு மேடையிலும் அந்தப் பாட்டுக்கு முன்னால், தண்ணீர் குடிக்கிற சாக்கில் என் பக்கம் வந்து, திரையில் மைனஸ் மூன்று இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். இருக்கும். அவர் நன்றாகப் பார்த்து முடிக்கும்வரை என் விரலைப் பொத்தான்மேலேயே வைத்திருப்பேன்.