கடைசியில் திறந்த பாட்டில்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் சக்கரம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பாள். ஸ்டோர் பார்க்கும் எனக்கு அவளைப் பார்த்தாலே மூச்சு வாங்கும்.

கொழுப்புச் செல்களை வளர்ப்பது அவள் வேலை. சின்னச் சின்னத் தட்டுகளில் வேளாவேளைக்கு ஊட்டம் மாற்றி, பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வாள். கொழுத்த செல்லுக்குள் ஆக்சிஜனால் ஒருவகைச் சேதம் நடக்கும். இரும்பில் துரு ஏறுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் கரைத்த தண்ணீர் அதைக் குறைக்குமா என்பது பேராசிரியரின் கேள்வி. பாதித் தட்டுகளுக்குச் சாதாரணத் தண்ணீர், பாதிக்கு ஹைட்ரஜன் தண்ணீர். ஒரு மணி நேரம் கழித்துச் சாயம் விட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். சேதம் அதிகமென்றால் பச்சை பளிச்சென்று தெரியும்.

ஹைட்ரஜன் தட்டுகளில் பச்சை மங்கியிருந்தது. மூன்று முறையும்! அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பேராசிரியர் சரிபார்க்கும்வரை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள். அக்கா பருத்த உடம்புக்காரி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், அதுவும் வேண்டாவெறுப்பாக. மறுநாளே ஹைட்ரஜன் தண்ணீர் தயாரிக்கும் ஜாடி ஒன்று வாங்கிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் சக்கரம் வெளிறிப்போய் ஸ்டோருக்குள் வந்தாள்.

"அக்கா மாத்திரையையே நிறுத்திட்டாளாம். மறுபடி போடுன்னா, 'நீ கண்ணால பார்த்ததுதானேடி'ங்கிறா."

"பார்த்தது நிஜம்தானே?" என்றேன்.

அதுதான் அவளை அரித்தது. போய்க் குறிப்பேட்டைப் புரட்டினாள். பாட்டிலைத் திறந்தால் ஹைட்ரஜன் பறந்துவிடும் என்று அதை எப்போதும் கடைசியில்தான் திறந்திருக்கிறாள். அதனால் அந்தத் தட்டுகளுக்குச் சாயமும் கடைசியில்தான் போயிருக்கிறது. கழுவியதோ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில். ஆக, ஹைட்ரஜன் தட்டுகளில் சாயம் ஊறிய நேரம் பன்னிரண்டு நிமிடம் குறைவு.

உடனே வெறும் தண்ணீர்த் தட்டுகளைக் கடைசி வரிசையில் வைத்துச் செய்து பார்த்தாள். அதே மங்கல். ஹைட்ரஜன் தண்ணீர் பயனற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. பயன் உண்டா இல்லையா என்றே எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் இன்னும் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அக்கா மாத்திரையை விட்டிருந்தாள்.

"வண்டியை எடுங்க" என்றாள். வழி நெடுக என் முதுகில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

அக்கா சமையலறையில் ஜாடியோடு இருந்தாள்.

"அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன். பச்சை மங்கினதுக்குக் காரணம் நான் சாயம் விட்ட வரிசை. தண்ணியால ஆச்சுன்னு சொல்லவே முடியாது."

"எனக்கு ஒண்ணும் புரியல. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

சக்கரம் வீட்டிலிருந்த ரத்த அழுத்தக் கருவியை எடுத்து, அவள் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். மேல் எண் நூற்று எண்பத்திரண்டு. அக்காவின் முகம் தொங்கிப்போயிற்று. டாக்டருக்குப் போன் செய்தோம். மாத்திரையை உடனே போட்டுக்கொண்டு மாலைக்குள் வரச் சொன்னார். அக்கா முரண்டு பிடிக்காமல் விழுங்கினாள்.

"உங்க சார் திட்டுவாராடி?"

"இன்னும் சொல்லலக்கா. நேரா இங்கதான் வந்தேன்."

அக்கா ஜாடியை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"மூணு வாரமா தினமும் போன் பண்ணி, தண்ணி குடிச்சியா, தூக்கம் வந்துச்சான்னு கேட்ட. அதுக்கு முன்னாடி மாசத்துக்கு ஒரு தடவை பேசுறதே அதிசயம். எனக்கு உடம்பு நல்லாயிட்ட மாதிரியே இருந்துச்சு. இனிமே போன் வராதில்ல?"

சக்கரம் அக்காவின் கையிலிருந்த பட்டையைக்கூடக் கழற்றாமல், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.