பிடியில்லாத் தேநீர்க் கிண்ணம்

சென்ற மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து அஞ்சலில் வந்த நினைவு மலர் ஒன்றே இதனை எழுதத் தூண்டிற்று. மறைந்தவரின் முப்பத்தோராம் நாளில் வெளியிடப்பெற்ற அம்மலரின் கடைசிப் பக்கத்தில், நம்மவர் வழக்கப்படி, அவர் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, இன்னாரின் சம்பந்தி என உறவுநிரல் அச்சாகியிருந்தது. அந்நிரலில் என் பெயர் இல்லை. இருக்க முறையும் இல்லை. பதினொரு ஆண்டுகள் நான் அவருக்குச் சம்பந்தியாக இருந்தேன். அதன்பின் ஏழாண்டுகள் எதுவாக இருந்தேன் என்பதை எந்த நிரலிலும் எழுத இயலாது. அவ்வேழாண்டுகள் எவ்விடத்தில், எவ்வாறு தொடங்கின என்பதை அறிந்தவர் இருவர். ஒருவர் போய்விட்டார். மற்றவன் எழுதாவிடின் அது இல்லாததாகிவிடும்.

மலரை வைத்திருக்கும் இதே மேசையில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. சாம்பல் நிற மெருகு, விளிம்பின் கீழே தவிட்டு நிறத்தில் ஒரு கோடு, கைப்பிடி கிடையாது. சூடான தேநீரை ஊற்றினால் இரு கைகளாலும் ஏந்தியே குடிக்க வேண்டும். கொழும்பின் வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் உள்ள எங்கள் வீட்டில் இப்படி ஒரு பாத்திரம் எங்ஙனம் வந்தது என்று கேளாத விருந்தினர் இல்லை. வாங்கியது என்று சொல்லிவிடுவேன்.

சம்பந்தியார் ஓய்வுபெற்ற தபாலதிபர்; நானோ ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன், ஊராருக்கு ‘மாஸ்டர்’. அம்முறை இப்போது இல்லை என்பதை அறிந்தே அவரை இங்குச் சம்பந்தியார் என்று குறிக்கிறேன். அவர்தம் மகனுக்கு என் மகளை மணம்செய்து கொடுத்தோம். இருவரும் மெல்பேணில் வாழ்ந்தனர். பெண்ணைக் கொடுத்தவன் கடைப்பிடிக்க வேண்டியனவாக எங்கள் பக்கத்தில் சில உண்டு. அவர் அமருமுன் நான் அமர்வதில்லை. அவர் கைகழுவி உண்ணத் தொடங்குமுன் நான் இலையில் கைவைப்பதில்லை. கொழும்புக்கு வந்து எங்கள் வீட்டில் அவர் தங்கிய நாள்களிலெல்லாம் தண்ணீரோ தேநீரோ என் கையால்தான் அவருக்குப் போகும். அவர் எனக்கு ஒருநாளும் ஊற்றியதில்லை. அது செருக்கன்று; ஊற்றியிருந்தால் அவருடைய ஆட்களே குறை சொல்லியிருப்பர்.

அவருடைய எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்காக மகளும் மருமகனும் எங்கள் இருவருக்குமாக ஒரு விடுமுறையை ஒழுங்குசெய்தனர். காலிமுகக் கடலோரத்து நட்சத்திர விடுதி ஒன்றில் ஓர் இரவு; சனிக்கிழமை மாலை சப்பானிய விருந்து; ஞாயிறு காலை, எல்லோரும் ‘ஸ்பா’ என்று வழங்கும் உடற்பிடி நிலையத்தில் ஒன்றரை மணி நேரம். அவர் துணையை இழந்தவர். என் துணைவியாரோ முழங்கால் வலியைச் சொல்லி மறுத்துவிட்டார். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, “ஓட்டோவிலை இருவது நிமிசம் போறதுக்குப் பெட்டியோ? கடல் பாக்கிறதெண்டால் எங்கட பல்கனியிலை நிண்டு பாக்கலாமே!” என்று நகைத்தார்.

நான் நகைக்கவில்லை. பத்து நாள்களுக்கு முன் மகள் தொலைபேசியில் அழைத்து, தானும் கணவரும் பிரிவதென முடிவாகிவிட்டது என்று கூறியிருந்தாள். விடுமுறையை ஒழுங்குசெய்தபோது இந்த எண்ணம் இல்லையாம். “அப்பா, நீங்கள்தான் மாமாவுக்குச் சொல்லவேணும். அவர் தன்ரை அப்பாட்டைச் சொல்லமாட்டார், எனக்குத் தெரியும். நெஞ்சு ஒப்பறேசன் செய்த மனிசனுக்குப் போனிலை சொல்லேலாது. உங்கட விடுமுறை முடிஞ்ச திங்கட்கிழமை நான் வேறை வீட்டுக்குப் போறன்; பிறகு இஞ்ச எல்லாச் சனத்துக்கும் தெரிஞ்சிடும். வேறை ஆரும் சொல்லி அவர் கேள்விப்படக் கூடாதப்பா. நீங்கள் ரெண்டு பேரும் தனிய இருக்கிற இடம்தானே, அங்க சொல்லுங்கோ.” ஒரு மகிழ்ச்சிக்கென ஒழுங்குசெய்த இடம், அதனைக் குலைப்பதற்கும் வசதியான இடமாகிவிட்டது. துணைவியாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அழுத கண்ணுடன் சம்பந்தியாருக்கு முன்னே நின்றிருப்பார்.

சனிக்கிழமை அறைக்குள் நுழைந்தது முதல் என் கால்கள் ஓரிடத்தில் தரிக்கவில்லை. பலகணிக்குச் செல்வதும், திரும்பி வந்து கட்டிலில் அமர்வதும், கைபேசியை எடுத்துப் பார்ப்பதும், துறைமுகத்துக்கு வெளியே காத்து நின்ற கப்பல்களை எண்ணுவதும், எண்ணிக்கை தவறி மீண்டும் எண்ணுவதுமாக அந்தி வந்துவிட்டது. சம்பந்தியாரோ குளியலறையின் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, “இதிலை எது சுடுதண்ணி எண்டு கண்டுபிடிக்க ஒரு சோதினை பாஸ் பண்ணவேணும்” என்று மகிழ்ந்துகொண்டிருந்தார்.

விருந்து பதினோராம் மாடியில். வாயிலில் செருப்பைக் கழற்றச் சொன்னது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. “பாத்தியளே சம்பந்தி, மரியாதை தெரிஞ்ச ஆக்கள்.” அகலக் கைவைத்த சப்பானியச் சட்டையணிந்து பரிமாறிய பெண் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவள், எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டாள். கைதுடைக்க வெந்நீரில் பிழிந்த சிறு துவாய்ச் சுருள்கள் வந்தன. கிண்ணத்தில் புளித்த அவரைச் சாறு வந்தது. அவர் ஒரு மிடறு பருகி, கண்ணை மூடி ஆராய்ந்து, “இது தேங்காய்ப்பால் விட மறந்த சொதி” என்று தீர்ப்பளித்தார். பச்சை மீன் துண்டங்களைச் சோற்றுருண்டையின்மேல் வைத்துக் கொணர்ந்தபோது, “பிள்ளை, இதைப் பாசையூர் மீன்பிடிகாரரிட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் மீனை அவமானப்படுத்திப் போட்டீங்கள் எண்டு சண்டைக்கு வருவினம்” என்றவர், ஒன்றை உண்டு, பின் இன்னொன்றை உண்டு, தட்டை வெறுமையாக்கினார். சைவனாகிய எனக்குக் கத்தரிக்காயையும் வற்றாளங்கிழங்கையும் மாவில் தோய்த்துப் பொரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்து வைத்தேன்.

அப்போதுதான் அந்தக் கிண்ணங்கள் வந்தன. கெண்டியிலிருந்து என் கிண்ணத்தில் நான் தேநீர் ஊற்றப்போக, அப்பெண் தடுத்தாள்.

“ஐயா, ஒங்க கோப்பைக்கு நீங்களே ஊத்திக்கக் கூடாது. பக்கத்துல இருக்கிறவர்தான் ஊத்தணும். ஜப்பான்ல அப்பிடித்தானாம்.”

“அப்ப எனக்குக் கவலையில்லைப் பிள்ளை,” என்றார் சம்பந்தியார். “எனக்கு ஊத்த, பொம்பிளை குடுத்தவர் பக்கத்திலை இருக்கிறார்.”

“அப்ப இவருக்கு யாரு ஊத்துவாங்க?”

அவர் சிரித்துக்கொண்டே தம் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் அவருக்கு ஊற்றினேன். என் கிண்ணத்தை அப்பெண்ணே நிரப்பிவிட்டுப் போனாள். இனிமேல் அக்கறையாக நடந்துகொள்வதற்கு இம்மனிதர் எனக்கு யார் என்ற எண்ணம் அந்நொடியில் என்னைத் தைத்தது. சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி, “பிள்ளையள் நல்ல இடம்தான் பாத்துத் தந்திருக்குதுகள்” என்றார். நான் கெண்டியின் மூடியைச் சரிசெய்தேன்.

மறுநாள் காலை உடற்பிடி நிலையத்தில் எங்கள் உடைகளை வாங்கிக்கொண்டு, காகிதம் போன்ற மெல்லிய துணியாலான அரைக்கச்சை ஒன்றும் வெண்ணிறப் போர்வையும் தந்தனர். மாப்பிள்ளையின் தந்தையும் பெண்ணின் தந்தையும் ஒருவரையொருவர் இக்கோலத்தில் காண நேரும் என்று எந்தச் சடங்கு நூலும் எதிர்பார்த்ததில்லை. “சம்பந்தி, நீங்கள் அங்காலை பாருங்கோ, நான் இஞ்சாலை பாக்கிறன்” என்று அவர் கட்டளையிட்டும் என் கண் அவர் மார்பில் பட்டுவிட்டது. கழுத்தடியிலிருந்து வயிற்றின் தொடக்கம்வரை நெஞ்சறுவையின் தழும்பு நேராக இறங்கியிருந்தது. அதன்மீதுதான் நான் இச்செய்தியை இறக்கவேண்டியிருந்தது.

அருகருகே இரு கட்டில்கள். குப்புறப் படுத்து, முகத்தை ஒரு துளைக்குள் பொருத்தச் சொன்னார்கள். துளையின் கீழே தரையில் ஒரு மண்சட்டி, அதில் நீர், நீரில் மூன்று அலரிப் பூக்கள். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவாகச் சுருங்கிவிட்டது. எண்ணெய் மணத்தது. “சனிக்கிழமை முழுக்கு ஒருநாள் பிந்திப் போச்சு. அதுவும் நல்லெண்ணெயில்லை. சனீஸ்வரன் மன்னிக்கவேணும்” என்ற குரல் மட்டும் பக்கத்திலிருந்து வந்தது. முகம் தெரியவில்லை. தழும்பும் தெரியவில்லை. எனக்குத் திடீரென்று பேச முடிந்தது. பூக்களைப் பார்த்துச் சொன்னேன்.

“சம்பந்தி, பிள்ளையள் பிரியப்போகினம்.”

என்னிடம் ஆயத்தமாக இருந்த நீண்ட முன்னுரையில் ஒரு சொல்லும் வெளிவரவில்லை. குழலிசை மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தமிழறியாதவர். அவர் கை நிற்கவில்லை. ஒரு பூ சுழன்று சட்டியின் விளிம்பைத் தொட்டது. மற்றக் கட்டிலிலிருந்து மூச்சொலிகூடக் கேட்கவில்லை. எழுந்து பார்க்கவா, ஆளை அழைக்கவா என்று நான் பதைக்கையில் அவர் குரல் எழுந்தது. ஆயின் என்னை நோக்கியன்று.

“மல்லி, ஹெமின்.”

மெதுவாகப் பிடிக்குமாறு தம் பக்கத்துச் சிங்கள அன்பரிடம் சொன்னார். பிறகு என்னிடம், “எப்ப தெரியும்?” என்றார்.

“பத்து நாள்.”

“அப்ப நேற்று மேசையிலை இருக்கேக்கையும் தெரியும்?”

“ஓம்.”

“அதுதான் சாப்பிடேல்லை. நான் நினைச்சன், உங்களுக்குச் சாப்பாடு பிடிக்கேல்லையெண்டு.”

எஞ்சிய ஒரு மணி நேரத்தைப் போல் நீண்ட பொழுதை நான் அறிந்திலேன். உடல் தளர்வதற்கென்று பிசையப்பட்ட ஒவ்வொரு தசையும் அடுத்த கணமே மீண்டும் இறுகியது.

முடிந்ததும் பருத்தி அங்கிகளை உடுத்தி, கடலைப் பார்த்த ஓய்வறையில் இருத்தினார்கள். அவர் முகம் வெளிறியிருந்தது. மீண்டும் சூடான துவாய்ச் சுருள்கள் வந்தன. தமதை விரித்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டு நெடுநேரம் சாய்ந்திருந்தார். எடுத்தபோது கண்கள் சிவந்திருந்தன, வெந்நீராலும் சிவக்கும்.

“என்னட்டைச் சொல்ல என்ரை பெடியனுக்கு வாயில்லையோ? முப்பத்தெட்டு வருசம் மற்றவன்ரை தந்தியளைக் குடுத்தனான். செத்த வீட்டுத் தந்தியும் குடுத்தனான். என்ரை வீட்டுத் தந்தி உங்கட கையாலை வருகுது.” குரல் உயர்ந்தது. அடுத்த இருக்கையிலிருந்த வெளிநாட்டவர் திரும்பினார். “உங்கட மகளும்தான்! ஒரு சொல்லு என்னட்டைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன புலியே, கரடியே?”

“உங்கட நெஞ்சுக்குப் பயந்துதான்…”

“நெஞ்சு!” என்றார். பின் அடங்கி, “சின்னனிலையும் அவன் கதைக்கமாட்டான். கோவமெண்டால் மூண்டு நாள் மௌனம். அந்தப் பிள்ளை எவ்வளவு காலத்துக்குச் சுவரோடை கதைக்கும்?” என்றார்.

என் மகளைக் குறைசொல்ல அவருக்கு அன்று எல்லா உரிமையும் இருந்தது. அதற்கான விடைகளையும் நான் பத்து நாளாக அடுக்கி வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றும் தேவைப்படவில்லை.

தட்டத்தில் கெண்டியும் அதே சாம்பல் நிறக் கிண்ணங்கள் இரண்டும் வந்தன. வழக்கம் மாறாது என் கை கெண்டியை நோக்கி நீண்டது. அவர் அதன்மேல் தம் கையை வைத்தார்.

“இருங்கோ.”

கெண்டியை எடுத்தார். ஊற்றிப் பழகாத கை. தேநீர் பாதி தட்டத்திலும் பாதி என் கிண்ணத்திலும் விழுந்தது. கெண்டியை வைக்காமல் மறுபடியும் சாய்த்து விளிம்புவரை நிரப்பினார்.

“பதினொரு வருசமா நீங்கள்தான் ஊத்தினியள். எனக்கும் எத்தினையோ தரம் கை எழும்பினதுதான். எங்கட ஆக்கள் என்ன சொல்லுவினமோ எண்டு விட்டிட்டன். இனி ஆர் என்ன சொல்லுறது? குடியுங்கோ, மாஸ்டர்.”

அதுவரை அவர் என்னை அங்ஙனம் அழைத்ததில்லை. நான் அவருக்கு ஊற்றினேன். இருவரும் இரு கைகளாலும் ஏந்திக் குடித்தோம். சூடு அதிகமாயிருந்தது.

விடுதியை விட்டு வெளியேறுமுன் எங்களுக்குத் தேநீர் கொணர்ந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ கதைத்தார். ஓட்டோவில் ஏறியபின் பையிலிருந்து துவாயில் சுற்றிய ஒரு கிண்ணத்தை எடுத்து என் மடியில் வைத்து, “களவில்லை, கேட்டு வாங்கினது. மற்றது என்னட்டை” என்றார். எங்கள் வீட்டுக்கு வாராமல் நேரே புறக்கோட்டைக்குப் போய் யாழ்ப்பாணப் பேருந்து ஏறினார்.

அதன்பின் மூன்று மாதத்துக்கொருமுறை நெஞ்சு வைத்தியரிடம் அவர் கொழும்பு வரும்போதெல்லாம் வெள்ளவத்தைச் சைவக்கடை ஒன்றில் சந்திப்போம். என் துணைவியார், “இனி அவர் எங்களுக்கு ஆர்? ஊர் என்ன நினைக்கும்?” என்று கேட்பார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். கடைக்காரர் இரு குவளைகளை வைத்ததும் அவற்றிலொன்றை எடுத்து என் கையில் தருவார் அவர். மற்றதை நான் எடுத்து அவருக்குத் தருவேன். கண்டவர்கள் எங்களைக் கிறுக்கர் என்று எண்ணியிருக்கலாம்.

அவர் இறுதிச் சடங்குக்குக் காலைத் தொடருந்தில் சென்றேன். உறவினர் வரிசையிலா நண்பர் வரிசையிலா நிற்பதென்று அறியாமல் முற்றத்தில் இங்குமங்குமாக நடந்துகொண்டிருந்தேன். மெல்பேணிலிருந்து வந்திருந்த அவர் மகன் என்னைக் கண்டு, “மாமா” என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, என் கையைப் பற்றிக்கொண்டான். வாய்க்கரிசி இட என்னை எவரும் அழைக்கவில்லை. அதற்கு முறையில்லை.

திரும்பி வந்த நாள் முதல் இந்த மேசையில் இருப்புக்கொள்ளவில்லை. தேநீர் வந்தால் வேறு குவளையில் குடிக்கிறேன். இந்தக் கிண்ணத்தில் நானே ஊற்றிக்கொள்ளக் கூடாதல்லவா? அது வெறுமையாகவே இருக்கிறது.

அகவை எண்பதை அண்மிக்கும் ஒருவனின் நினைவிலிருந்து எழுதப்பட்டது இது. விருந்தில் வந்த உணவுகளின் வரிசை, மாடியின் எண், அவர் தபாற்பணி ஆற்றிய ஆண்டுகளின் தொகை ஆகியவற்றில் பிழை இருக்கக்கூடும். அறிந்தோர் திருத்தியுதவ வேண்டுகிறேன். நினைவு மலரை அச்சிட்டோரிடம் எனக்குக் குறையில்லை. அவர்கள் முறைப்படியே செய்திருக்கின்றனர். ஆயினும் அந்நிரலில் என்னை எச்சொல்லின்கீழ்ச் சேர்த்திருக்கலாம் என்று எவரேனும் அறிந்திருப்பின், அப்பிழையையும் திருத்தி எனக்கு எழுதுவார்களாக.