முறைக்கு வந்த பிரேக்

போன வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்த கையோடு மூக்கருகில் கொண்டுபோய் மணந்து பார்த்தேன். புது ரப்பர் மணம். "என்ன, பலகாரமோ?" என்று குசினிக்குள்ளிருந்து என் மனைவி சுகந்தி கேட்டாள். மாஸ்டர் சிலிண்டர் என்றேன். எங்கள் பழைய ஏ40 காரில், பிரேக்கை மிதித்தால் ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளிவிடுகிற உறுப்பு அது. உள்ளே போடுகிற ரப்பர் வாசர்களும் சின்னப் பையொன்றில் கூடவே வந்திருந்தன. மகன் போனில் படம் பார்த்து ஓடர் பண்ணினான். சாமான் வெளிநாட்டிலிருந்து நேரே எங்கள் படலை வாசலுக்கு வந்துவிட்டது. அளவும் சரி. சந்தோசப்படுவதற்குப் பதில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு லேசாகக் கிடைக்கிற சாமானுக்கா நான் அந்த நாளில் யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க நாயாய் அலைந்தேன்?

சுகந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "இனியாவது நிப்பாட்ட வேண்டிய இடத்திலை நிப்பாட்டுவியளோ?"

அது எங்கள் கலியாணத்தன்று நடந்ததை வைத்துச் சொல்கிற நக்கல். எத்தனை வருடமானாலும் அவளுக்கு அது புளிக்காது. உங்களுக்கும் சொல்கிறேன், ஆனால் பிரேக்கிலிருந்து தொடங்கினால்தான் கலியாணம் விளங்கும்.

அது சண்டைக் காலம். கொழும்பிலிருந்து சாமான் வருகிற பாதை பூட்டிக் கிடந்தது. பெற்றோல் மருந்துபோல ஒரு குட்டிப் போத்தலில் இருக்கும். இஞ்சினை எழுப்ப அதில் சில துளி, பிறகு முழு ஓட்டமும் மண்ணெண்ணெயில்தான். கார் போன தெருவெல்லாம் குப்பி விளக்கு மணக்கும். ஓடவைக்கிற வித்தையை எங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். நிப்பாட்டுகிற வித்தைதான் பிடிபடவில்லை. அப்பா விட்டுப்போன காரில் பிரேக் வாசர்கள் உக்கி, பெடலை மிதித்தால் கால் நேரே தரைக்குப் போனது.

யாழ்ப்பாணம் ரவுணில் பழைய சாமான் விற்கிற முதலாளி ஒருவர் இருந்தார். ஏ40க்கு வாசர் இருக்கோ என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உந்த வாசரைத் தேடுறதை விட்டிட்டு ஒரு பொம்பிளையைத் தேடு தம்பி. அது கெதியிலை கிடைக்கும்."

மனிதர் சொன்னது பலித்தது. ஆனால் வாசரைத் தேடுவதையும் நான் விடவில்லை. வேறொரு காரின் வாசர் அச்சு அசலாக அதே மாதிரி இருந்தது, ஒரு மயிரளவு தடிப்புத்தான் கூடுதல். போட்டால் பிரேக் நன்றாகப் பிடித்தது, பிறகு விடவேயில்லை. சுன்னாகம் சந்தி நடுவில் பிடித்தபடி நின்றுவிட்டேன். சந்தைக்கு வந்த சனமெல்லாம் எனக்கு ஆலோசனை சொல்லிவிட்டுப் போனது. பிறகு செருப்பை வெட்டி வாசர் செய்தேன். அது ஒயிலில் ஊறி அப்பம்போலப் பொங்கியது. பிரேக் ஒயிலும் முடிந்தபோது, எங்களுக்குச் சின்ன வயதில் வயிறு கழுவத் தருகிற ஆமணக்கெண்ணெயை ஊற்றிப் பார்த்தேன். காரும் எங்களைப்போலத்தான், விடியுமுன் எல்லாவற்றையும் கீழே விட்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு ஏ40கள் இருந்தன, இரண்டும் இதே நோயில். ஒன்று கனகு அண்ணையுடையது. மற்றது அச்சுவேலி வாத்தியாருடையது. கனகு அண்ணை காங்கேசன்துறைப் பக்கம் சீமெந்துத் தூசிக்குள் கிடந்த ஒரு காரின் வயிற்றிலிருந்து உயிருள்ள மாஸ்டர் சிலிண்டர் ஒன்றைக் கண்டெடுத்தார். மூவரும் சேர்ந்து வாங்கினோம். சரி, மூன்று காருக்கு ஒரு பிரேக்கை எப்படிப் பாவிப்பது? மற்ற ஊர்க்காரர் என்றால் யோசித்திருப்பார்கள். நாங்கள் பங்குக் கிணற்றில் இறைத்து வளர்ந்த ஆட்கள். இன்றைக்கு உன் தோட்டத்துக்குத் தண்ணீர், நாளைக்கு என் தோட்டத்துக்கு. அதேபோல ஞாயிறுக்கு ஞாயிறு மாறி, கிழமைக்கு ஒருவர் முறை.

ஞாயிறு பின்னேரம் முறைக்காரர் பால்மா ரின்னோடு சைக்கிளில் வருவார். கழற்றி, துடைத்து, ரின்னுக்குள் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். அவர் கொண்டுபோய்ப் பூட்டி, ஒயில் விட்டு, குழாயில் நிற்கிற காற்றை எடுப்பார். சந்தியில் நிற்பவர்களுக்கு யாருடைய முறை என்பது பார்த்தவுடன் தெரியும். முறைக்காரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுத்தெருவில் வருவான். மற்றவன் வேலிக்கரையோரம் ஊர்ந்து, தூரத்தில் ஆட்டைக் கண்டாலே கியரைக் குறைப்பான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. மிளகாய்க் கன்றுக்கு ஒரு நாள் பிந்தித் தண்ணீர் விட்டால் அது பொறுக்கும். நல்ல நாள் பொறுக்காது. யாழ்ப்பாணத்தில் கலியாண முகூர்த்தம் வந்தால் எல்லாருக்கும் ஒரே நாளில்தான் வரும். எங்களில் ஒருவருக்கும் இது முன்கூட்டி உறைக்கவில்லை. என் கலியாணம் வாத்தியாரின் முறைக்குள் விழுந்தது. அவரும் அன்றைக்கு வேறொரு மாப்பிள்ளைக்குக் கார் ஓட ஒப்புக்கொண்டிருந்தார்.

அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "முறை எண்டால் முறை தம்பி. கிணத்தடியிலை உங்கடை ஆக்கள் ஒரு வாளி தண்ணி விட்டுத்தருவினமோ?" என்றார். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும், விடமாட்டார்கள். "அதோடை, நான் பிரேக் தந்து இந்தக் கலியாணம் நடந்தது எண்டு தெரிஞ்சால் உம்மடை பெரியப்பா என்னோடை கதைக்கமாட்டார்."

அது உண்மை. நாங்கள் தோட்டக்காரர், சுகந்தியின் வீட்டார் பருத்தித்துறையில் கடலோடுகிறவர்கள். பெரியப்பாவும் என் சொந்தத்தில் பாதிப்பேரும் கலியாணத்துக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சுகந்தியின் வீட்டாருக்கோ நானே வருவேனா என்று பயம். "ஓம் எண்டு சொல்லிப்போட்டுக் கடைசி நேரத்திலை ஓடின ஆக்களை நாங்கள் கண்டிருக்கிறம்," என்று அவள் அப்பா என் முகத்துக்கு நேரே சொன்னார். சுகந்தி அப்படிச் சொல்லவில்லை. "வருவியள்தானே?" என்று மட்டும் கேட்டாள். வருவேன் என்றேன்.

வேறு கார் பிடிக்கலாம் என்றால் எல்லாக் காரும் மற்ற மாப்பிள்ளைகளுக்குப் போய்விட்டது. கனகு அண்ணை சாரத்தை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு என் காரில் ஏறினார். "கியரும் கை பிரேக்கும் இருக்கு. பயப்பிடாதை." நான் தலைப்பாகையோடு பின்சீற்றில். பக்கத்தில், மாப்பிள்ளையை அழைத்துப்போக வந்த தோழன், சுகந்தியின் தம்பி. வல்லை வெளியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. கை பிரேக்கை இழுத்தார். மாடு தப்பியது, கேபிள் அறுந்தது. தோழன் தேவாரம் பாடத் தொடங்கினான்.

பெண் வீட்டு வாசலில் வாழை கட்டி, பந்தல் போட்டு, மேளகாரர் முழங்க, ஆலத்தித் தட்டோடு பெண்டுகள் நின்றார்கள். கனகு அண்ணை தூரத்திலேயே திறப்பைத் திருப்பி இஞ்சினை நிப்பாட்டினார். மண்ணெண்ணெயில் சூடேறிய இஞ்சின் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. இருமி இருமித் தானாகவே ஓடியது. கார் வாசலை நெருங்கியது, வாசலுக்கு வந்தது, வாசலைத் தாண்டியும் போனது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டேன். அது பிரியாவிடைபோல இருந்ததாம். தோழன் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி "பிரேக் இல்லை! பிரேக் இல்லை!" என்று கத்தினான். தவில் சத்தத்தில் யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. சுகந்தியின் மாமி கத்தியதுதான் எங்களுக்குக் கேட்டது. "ஐயோ, மாப்பிளை ஓடுறார்! எங்கடை பெடியனையும் கொண்டெல்லோ ஓடுறார்!"

கனகு அண்ணை காரைப் பக்கத்துக் கோயில் வீதியால் திருப்பினார். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு திரும்பவும் வந்தான். இப்போது வாசலில் பெண்டுகளைக் காணவில்லை. சுகந்தியின் தாய்மாமன் நடுவில் நின்றார். பெரிய வத்தைத் தோணிகளைக் கரைக்கு இழுத்துக் கட்டிப் பழகிய மனிதர். கையில் தேர்வடம் மாதிரி ஒரு கயிறு. தோழன் கத்தியது அவருக்கு மட்டும் விளங்கியிருக்கிறது. கார் பக்கத்தில் வரும்போது கயிற்று நுனியில் போட்ட சுருக்குத் தடத்தை வீசி பம்பரில் மாட்டினார். மற்ற நுனி ஏற்கெனவே பூவரசு மரத்தைச் சுற்றியிருந்தது. "இறுக்காதேங்கோடா, மெல்ல விடு... மெல்ல விடு..." என்று மரத்தடியில் கயிறு பிடித்து நின்ற பெடியளுக்குச் சொன்னார். கயிறு மரத்தில் உராய்ந்து, கார் முனகிக்கொண்டு, ஆலத்தித் தட்டுக்கு நேரே வந்து நின்றது. "கரையோடை அணைச்சாச்சு. இனி மாப்பிளை இறங்கலாம்," என்றார் மாமா. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. சுகந்தியின் அப்பா அழுதுகொண்டு வந்து என் கையைப் பிடித்தார், அந்தப் பிடி இன்னும் வலிக்கிறது. "நீங்கள் கோயிலைச் சுத்தி வாறதுக்குள்ளை நான் செத்துப் பிழைச்சனான்," என்று சுகந்தி பிறகு சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் நக்கலடிப்பதில்லை.

பார்சலில் வந்ததைப் பூட்டி, ஞாயிற்றுக்கிழமை இருவரும் பருத்தித்துறைக்குப் போனோம். பிரேக் விரல் பட்டாலே பிடிக்கிறது. ஞாயிறு பின்னேரமாகியும் ரின்னோடு வர யாரும் இல்லை. கனகு அண்ணை போய்ச் சேர்ந்துவிட்டார். வாத்தியாரின் கார் கொழும்பில் யாரோ கலியாணப் படம் பிடிக்க வாடகைக்கு நிற்கிறதாம். கயிறு வீசிய மாமாவும் இல்லை. தோழன் கனடாவில் பனிக்குள் கார் ஓட்டுகிறான். சுகந்தியின் வீட்டுப் படலையில் பூட்டுத் தொங்கியது. தெருவை அகலமாக்கியபோது பூவரசையும் தறித்துவிட்டார்கள்.

வாசல் கிட்ட வர, காலைப் பிரேக்கில் வைத்தேன். சுகந்தி என் முழங்காலைத் தொட்டாள்.

"நிப்பாட்டாதேங்கோ. ஒருக்கால் தாண்டிப் போங்கோவன்."

காலை எடுத்தேன். கார் மெல்ல வாசலைத் தாண்டியது. நான் பூட்டிய படலையைப் பார்த்துக் கும்பிட்டேன். மாப்பிளை ஓடுறார் என்று கத்த அங்கே ஒருத்தரும் இல்லை.