தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகள்

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியை விட்டு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். விக்கிரவாண்டி வந்த பிறகுதான் கஞ்சித் தூக்கு இன்னும் என் கையிலேயே இருப்பது தெரிந்தது. வீட்டுக்கார அக்கா அதை வாங்கவில்லை. "உன் கையால ஒண்ணும் வேணாம், போயிடு" என்றாள். உள்ளே அவள் மகள் படுத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். ஏழு மாதம். டெங்கு.

விழுப்புரத்தில் அவர்கள் மொட்டை மாடியில் இருந்த தகரக் கொட்டகையில் குடியிருந்தேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன், எந்த ஊரிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. பெயின்ட் வேலையில் காலி பக்கெட்டுகள் கிடைக்கும். அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் எருவும் நிரப்பி, புதினா, தக்காளி, மணத்தக்காளி வைத்தேன். அந்தப் பெண் தினமும் படியேறி வருவாள். "நெஞ்சு கரிக்குதுண்ணா, ரெண்டு எல கிள்ளிக்கிறேன்" என்பாள்.

ஓட்டை வழியாகச் செம்மண் தண்ணீர் ஒழுகி, புதிதாக வெள்ளையடித்த சுவரில் கோடு கோடாக இறங்கியது. "இன்னா பேஜாரு இது, செவுரெல்லாம் கறை பண்ணிக்கினு!" என்று அக்கா கத்தினாள். பக்கெட்டுக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் தட்டு வாங்கி வைத்தேன். சுவர் தப்பியது. தட்டில் தண்ணீர் நின்றதால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினாலே போதும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

காய்ச்சல் வந்து அக்கா மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், நகராட்சியிலிருந்து கொசு பார்க்க ஒரு பெண் வந்தாள். ஒரு தட்டை வெயிலில் சாய்த்துக் காட்டினாள். புழுக்கள் துள்ளின. "அண்ணே, செடி மட்டும் வளக்கல நீங்க" என்று சிரித்தாள். மாற்றுத்துணி எடுக்க வந்திருந்த அக்கா படியில் நின்று பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

கடித்தது இந்தக் கொசுதானா, தெருக் கொசுவா, யார் கண்டது? அதையே கஞ்சியோடு போய் அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு லாரிக்காரர் திண்டிவனத்தில் இறக்கிவிட்டார். விடிந்ததும் அக்காவுக்கு போன் செய்தேன். "புள்ள அசையுதாம். ரத்தத்துல தட்டணு இன்னும் ஏறல. இனிமே போன் பண்ணாத." வைத்துவிட்டாள்.

சாலையோரம் ஒரு நர்சரியில் ஆள் கேட்டார்கள். "இன்னா வேல தெரியும்?" என்றார் முதலாளி.

"தொட்டி வெப்பங்க."

"அப்போ எல்லாத்துக்கும் அடியில தட்டு வெச்சிக்கினு வா. தட்டோட இருந்தாதான் வீட்டுக்காரங்க வாங்குவாங்க."

வைத்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். பிறகு முதல் வரிசைக்குத் திரும்பி, ஒவ்வொரு தட்டாக உருவி, நின்ற தண்ணீரைக் கீழே கொட்டினேன்.

"இன்னாய்யா ரெட்ட வேல? ஜல்தியா முடி" என்றார் முதலாளி.

"முடிச்சிடறங்க" என்று அடுத்த தட்டை உருவினேன்.